சைக்கிள் சீட்டுக்குப் பின்னால் பை மாட்டப் போகிறீர்களா? வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகும் சாலையில் மானாமதுரை தாண்டி ஒரு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போயிருப்பேன், பின்னாலிருந்து சர்ர் சர்ர் என்று ஒரு சத்தம். பிரேக் கட்டை உரசுகிறது போல என்று நினைத்து அப்படியே ஓட்டினேன். பரமக்குடியில் டீ குடிக்க இறங்கிப் பார்த்தால், புதுப் பையின் அடித்துணியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. டயர் தேய்த்துத் தேய்த்து கேன்வாஸ் நூல்நூலாகப் பிரிந்திருந்தது, உள்ளே மடித்து வைத்த சுடிதாரில் கறுப்பாக ஒரு கோடு. பை வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அதற்கப்புறம் இரண்டு விதத் தாங்கி வாங்கி, ஒன்று வழுக்கி, ஒன்று பொருந்தாமல் போய், கடைசியில் வெல்டிங் பட்டறையில் ஒரு கம்பி வளைத்துத்தான் விஷயம் முடிந்தது. பையைத் தவிர்த்து நான் செலவழித்தது ஏறக்குறைய 4,000 ரூபாய். முதலிலேயே தெரிந்திருந்தால் 500 ரூபாயில் முடித்திருக்கலாம். உங்களுக்காவது அந்தப் பணமும் நேரமும் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் சொல்வது பஞ்சர் கிட் வைக்கும் கைப்பிடி அளவுப் பையைப் பற்றி இல்லை. துணிமணி, மழைக்கோட்டு, சாப்பாடு எல்லாம் வைத்து ஒன்றிரண்டு நாள் போகிற மாதிரியான, சீட்டுக்குப் பின்னால் குறுக்குவாட்டில் தொங்கும் 10 முதல் 20 லிட்டர் பை. நீளவாக்கில் வால் போல நீட்டிக்கொண்டிருக்கும் பைக்பேக்கிங் பைக்கும் இதில் பாதி பொருந்தும், அதை நடுவில் சொல்கிறேன்.

1. முதலில் இடத்தை அளங்கள், பையைப் பார்ப்பது அப்புறம்

எல்லாரும் பையின் லிட்டர் கணக்கைப் பார்த்து வாங்குகிறார்கள், நானும் அப்படித்தான். பார்க்க வேண்டியது பையின் உயரமும், உங்கள் சீட்டுக்கும் டயருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியும்.

என் உயரம் 5 அடி 2 அங்குலம். சைக்கிள் சின்ன சைஸ். ஆனால் சைக்கிள் சின்னதானாலும் சக்கரம் சின்னதாவதில்லை. டயரில் 700×32 என்று போட்டிருந்தால் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 622 மி.மீ., அதோடு மேலே ஒரு 32, கீழே ஒரு 32 சேர்த்தால் 686 மி.மீ. அதாவது தரையிலிருந்து டயரின் உச்சி 68 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். என் சீட்டின் அடிக்கம்பி தரையிலிருந்து 85 செ.மீ.யில் இருக்கிறது. மிச்சம் 16, 17 செ.மீ.தான். நான் வாங்கிய பையின் உயரம் 22. ஆறடி உயரமுள்ள நண்பருக்கு அதே பை எந்தச் சிக்கலும் இல்லாமல் தொங்கியது, அதைப் பார்த்துத்தான் நான் வாங்கினேன்.

அளக்கும் விதம் இதுதான். சீட்டை நீங்கள் ஓட்டும் உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பை கட்டப்போகும் இடத்திலிருந்து நேர் கீழே மட்டும் அளந்தால் தப்பாகப் போய்விடும், ஏனென்றால் டயரின் உச்சி அந்த இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கிறது, பையின் அடிப்பாகம் சரியாக அதற்கு மேலேதான் வரும். ஒரு ஸ்கேலைச் சீட்டின் அடிக்கம்பியோடு சேர்த்து பின்பக்கமாக நீட்டிப் பிடித்து, அங்கிருந்து டயரின் உச்சிக்கு அளங்கள். மட்காடு போட்டிருந்தால் மட்காடு வரை. கிடைக்கும் எண்ணை உங்கள் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தாங்கி எதுவும் இல்லாமல் வெறுமனே தொங்கவிடப் போகிறீர்கள் என்றால், பையின் உயரத்தோடு 4 செ.மீ. சேர்த்தாலும் அந்த எண்ணுக்குள் அடங்க வேண்டும். விளம்பரத்தில் போடுவது காலிப் பையின் அளவு. சாமான் வைத்தால் அடிவயிறு இரண்டு மூன்று செ.மீ. கீழே இறங்கும், வேகத்தடையில் இன்னும் இறங்கும். சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் இருந்தால், நீங்கள் உட்காரும்போது அதுவும் அமுங்கும், ஆகவே வீட்டில் யாரையாவது சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு அளங்கள். பின்சக்கரத்துக்கு சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளாக இருந்தால் இந்த வகைப் பையே வேண்டாம். சக்கரம் மேலே எழும்பிப் பையை அடிக்கும்.

2. மேலே பிடிக்கும் இடம்

குறுக்குப் பை மூன்று வாரால் நிற்கிறது. இரண்டு வார் சீட்டின் பின்பக்கம், ஒன்று சீட்டைத் தாங்கும் பைப்பில். அந்தப் பைப்பை இனி சீட் போஸ்ட் என்றே சொல்கிறேன், கடையிலும் அப்படிக் கேட்டால்தான் கொடுப்பார்கள்.

ப்ரூக்ஸ் பி17 மாதிரித் தோல் சீட்டில் பின்னால் பை மாட்டுவதற்கென்றே இரண்டு வளையம் இருக்கும். நம்மில் பெரும்பாலோருடைய சீட்டில் அது இருக்காது. அதற்கு மூன்று வழி.

சீட்டின் அடிக்கம்பியில் பிடிக்கிற மாதிரி வளையம் தனியாகக் கிடைக்கிறது, இரண்டு போல்ட்டில் இறுக்கிவிடலாம். ஆன்லைனில் 600, 700 ரூபாய். நான் வாங்கியது இதைத்தான், இன்றைக்கும் அதுதான் இருக்கிறது. இறுக்கும் முன் கம்பியில் பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பரை ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள், வழுக்காது.

இரண்டாவது, வாரை நேராக அடிக்கம்பியில் சுற்றுவது. செலவில்லை. ஆனால் கம்பி முன்பக்கமாகச் சாய்ந்து போகிறது, அதனால் வார் மெதுவாக முன்னால் நழுவும், பை தொடையில் இடிக்க ஆரம்பிக்கும். வாருக்கு முன்னால் கம்பியில் ஒரு கேபிள் டை போட்டு நறுக்கென்று இறுக்கிவிட்டால் அதைத் தாண்டி நழுவாது.

மூன்றாவது, இரண்டு கம்பிக்கும் குறுக்கே ஒரு மூங்கில் துண்டு வைத்துக் கட்டி, அதில் வாரை மாட்டுவது. அவசரத்துக்கு ஓகே, மழையில் நனைந்து காய்ந்தால் கட்டு தளரும்.

சீட்டின் அடிக்கம்பியோ சீட் போஸ்ட்டோ கார்பன் என்றால், அதில் எதையும் இறுக்காதீர்கள். கார்பன் குழாய் நீங்கள் உட்காரும் பாரத்தைத் தாங்கும், ஒரே இடத்தில் கிளாம்ப் கடிப்பதைத் தாங்காது. விரிசல் வெளியே தெரியாமலே உள்ளே ஓடும். பொத்தானை அழுத்தினால் ஏறி இறங்கும் வகை சீட் போஸ்ட்டிலும் வாரைக் கட்டக்கூடாது.

இன்னொன்று, பைக்குள் ஒரு கட்டை. இங்கிலாந்தில் தைக்கும் கேரடைஸ் பைகளில் மேல்விளிம்பை ஒட்டி உள்ளே குறுக்காக ஒரு உருண்டை மரக்கட்டை இருக்கும். வார் துணியை மட்டும் பிடித்து இழுக்காமல் அந்தக் கட்டையோடு சேர்த்துப் பிடிக்கும், பாரம் அகலம் முழுக்கப் பரவும். இங்கே கிடைக்கும் மலிவுப் பைகள் பலவற்றில் அது இல்லை, அதனால் இரண்டு வார் நடுவே பை தொட்டில் மாதிரி குழிந்துவிடும். பழைய மாப்பின் கட்டையை உள் அகலத்துக்கு அறுத்து, இரண்டு முனையையும் உப்புத்தாளில் தேய்த்து வழவழப்பாக்கி உள்ளே வையுங்கள். வார் நுழையும் ஓட்டை வழியாகக் கட்டையையும் சுற்றி வாரை எடுங்கள். பையின் தோற்றமே மாறிவிடும். பத்து நிமிட வேலைதான், எனக்கு இதைச் சொல்லத்தான் யாரும் இல்லை.

3. அடியில் தாங்கும் இடம்

இதுதான் முக்கியமான பகுதி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மேலே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும், அடியில் ஒன்றும் இல்லாவிட்டால் பை ஊஞ்சல்தான். மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது இடதும் வலதுமாக ஆடும், அந்த ஆட்டம் ஹேண்டில்பாரில் தெரியும். வாரெல்லாம் நூல் பிரியும். என் அனுபவத்தில் சாமானோடு 4 கிலோ வரை, இடைவெளியும் இருந்தால், தாங்கி இல்லாமல் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால், அல்லது என்னைப் போல இடைவெளி குறைவாக இருந்தால், தாங்கி இல்லாமல் கிளம்பாதீர்கள்.

சீட்டின் அடிக்கம்பியில் பிடித்து, பைக்கு அடியில் வளைந்து வரும் கம்பித் தாங்கி ஒரு வகை. கேரடைஸின் பேக்மேன் இப்படித்தான். நல்ல பொருள், சந்தேகமில்லை. ஆனால் அது வளைந்து இறங்குவதற்கே சீட்டுக்குக் கீழே இடம் வேண்டும். எனக்கு வந்த முதல் தாங்கி இதே மாதிரியான வேறொன்று, மாட்டிப் பார்த்தால் கம்பி மட்காட்டைத் தொட்டது. திருப்பி அனுப்பக் கொரியர் செலவு என் தலையில். முதல் படியில் எழுதி வைத்த எண்ணை இங்கே எடுத்துப் பாருங்கள். தாங்கியின் வளைவு எவ்வளவு கீழே வரும் என்று விற்பவரிடம் கேட்டு, அளவைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் வாங்காதீர்கள்.

சீட் போஸ்ட்டில் கிளாம்ப் போட்டு அதில் பையைச் சட்டென்று மாட்டிச் சட்டென்று கழற்றும் வகை இன்னொன்று. லாட்ஜுக்குப் போனதும் ஒரு கையால் கழற்றிக்கொண்டு போகலாம், தினம் ஆபீஸ் போகிறவர்களுக்கு இதைவிட வசதி கிடையாது. ஆனால் முழுப் பாரமும் ஒரே பைப்பில் ஒரே இடத்தில் நிற்கிறது. சீட் போஸ்ட் வெளியே குறைந்தது பத்துப் பதினைந்து செ.மீ. தெரிய வேண்டும், குள்ளமானவர்களுக்கு அவ்வளவு தெரியாது. நான் வாங்கிய விலை குறைந்த கிளாம்ப் 1,900 ரூபாய், குலுக்கல் ரோட்டில் 30 கிலோமீட்டரில் சுற்றிக்கொண்டு போய் பை இடது பக்கம் சாய்ந்தது. கிளாம்ப்பின் உள் அளவும் சீட் போஸ்ட்டின் விட்டமும் பொருந்தவில்லை என்பது அப்புறம்தான் புரிந்தது. சீட் போஸ்ட்டில் கீழ்ப்பகுதியில் 27.2 அல்லது 31.6 என்று பொறித்திருக்கும், அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் போட வேண்டும்.

மூன்றாவது, பலர் யோசிக்காமல் விடுவது, சாதாரணக் கேரியர். நம் ஊர் சைக்கிள் கடையில் 500 முதல் 1,200 ரூபாய்க்கு எல்லா சைஸிலும் இருக்கிறது. பையை மேலே சீட்டில் கட்டி, அடிப்பாகத்தைக் கேரியர் மேல் உட்காரவைத்து, ஒரு டியூப் ரப்பரால் கீழே இழுத்துக் கட்டிவிட்டால் அசையாது. பாரம் கேரியரில் இறங்கிவிடுவதால் சீட்டுக் கம்பிக்குச் சுமையே இல்லை. எனக்கு விவரம் கேட்டு எழுதுகிற ஒவ்வொருவருக்கும் முதலில் சொல்வது இதைத்தான். குட்டையான ஆட்களுக்கு, சீட்டுக்கும் கேரியருக்கும் இடைவெளி 14 செ.மீ. இருந்தாலும், பை படுத்த மாதிரி சாய்ந்து உட்கார்ந்துவிடும்.

கேரியர் மாட்டப் பின்சக்கர அச்சுக்கு மேலே ஃபிரேமில் இரண்டு திருகு ஓட்டை வேண்டும். இல்லையென்றால், சீட்டிலிருந்து அச்சுக்கு இறங்கும் இரண்டு குழாய்களிலும் ரப்பர் வைத்த கிளாம்ப் போட்டு மாட்டலாம். ஆட்டோமொபைல் ஸ்பேர் கடையில் ஒயர், ஹோஸ் பிடிக்க விற்பார்கள், ஒன்று 20, 30 ரூபாய். குழாயின் விட்டத்தை நூலால் சுற்றி அளந்து, அந்த நீளத்தை 3.14 ஆல் வகுத்துக்கொண்டு போங்கள். கார்பன் ஃபிரேமுக்கு இதுவும் ஆகாது.

கடைசியாக, நான் செய்தது. எங்கள் தெருமுனையில் கிரில் கேட் செய்யும் வெல்டிங் பட்டறையில், 6 மி.மீ. இரும்புக் கம்பியை யூ வடிவில் வளைத்து, இரண்டு காலும் அந்தக் குழாய்களில் ரப்பர் கிளாம்ப்பில் நிற்கிற மாதிரி, யூவின் வளைவு டயருக்கு 2 செ.மீ. மேலே வருகிற மாதிரி கேட்டேன். அவர் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டு, சைக்கிளை அதன் மேல் நிறுத்தி, ஒரு சணல் கயிற்றை வளைத்துப் பார்த்து அளவெடுத்தார். கம்பியைப் பைப்புக்குள் விட்டு நாலு மிதி மிதித்ததும் வளைவு வந்தது. காலின் முனையைச் சம்மட்டியால் தட்டித் தட்டையாக்கி ஓட்டை போட்டார். அரை நாள், 350 ரூபாய், கறுப்பு பெயின்ட்டும் அவரே அடித்துக்கொடுத்தார். பையும் சைக்கிளும் கூடவே கொண்டுபோங்கள், அளவை வாயால் சொல்லிவிட்டு வந்தால் திரும்பப் போக வேண்டியிருக்கும். ஒரு விஷயத்தில் உறுதியாக இருங்கள். கம்பியைச் சைக்கிள் ஃபிரேமோடு பற்றவைக்கக் கூடாது, அவர் எவ்வளவு சொன்னாலும் சரி. சூட்டில் ஃபிரேமின் பலம் போய்விடும், அலுமினியம் என்றால் இரும்புக் கம்பி அதில் ஒட்டவே ஒட்டாது.

நீளவாக்கில் நிற்கும் பைக்பேக்கிங் பை வைத்திருப்பவர்களுக்கும் வால் ஆட்டம் பெரிய தொல்லை. அதற்குச் சீட் கம்பியில் மாட்டி இரு பக்கமும் பையை அணைத்துப் பிடிக்கும் கம்பி கிடைக்கிறது. அதைவிட முதலில் பார்க்க வேண்டியது, கனமான சாமானைச் சீட் போஸ்ட்டை ஒட்டித் திணித்து, காற்றை முழுக்க வெளியேற்றி இறுக்கிச் சுருட்டியிருக்கிறீர்களா என்பது. ஆட்டத்தில் பாதி அங்கேயே போய்விடும்.

4. கட்டும் வரிசை

பையைக் காலியாகவே முதலில் மாட்டுங்கள். மேல் வார் இரண்டும் ஒரே ஓட்டையில் நிற்கட்டும், ஒரு பக்கம் ஒரு ஓட்டை கூடினால் பை கோணும். அப்புறம் சாமானை வையுங்கள். டூல், டியூப், பவர்பேங்க், பூட்டு எல்லாம் அடியில், சீட் போஸ்ட் பக்கமாக. துணி ஓரங்களில். மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே, ஏனென்றால் மழை வரும்போது மற்றதையெல்லாம் வெளியே எடுத்துக்கொண்டிருக்க முடியாது. சாமான் வைத்த பிறகு மேல் வாரை இன்னொரு ஓட்டை இறுக்கி, கடைசியாகச் சீட் போஸ்ட் வார்.

சீட் போஸ்ட் வாரை ரொம்ப இழுத்துவிட்டால் பை முன்னால் வந்து ஒவ்வொரு மிதிக்கும் தொடையின் பின்பக்கம் உரசும். பத்துக் கிலோமீட்டரில் தெரியாது, ஐம்பதில் தோல் சிவந்துவிடும். பைக்கும் சீட் போஸ்ட்டுக்கும் நடுவில் சுருட்டிய பழைய டியூபையோ, கட்டைத் துண்டையோ மூன்று நான்கு செ.மீ. கனத்துக்கு வைத்துக் கட்டுங்கள்.

வாரின் மிச்ச நுனி தொங்கக்கூடாது. போக்ஸ் கம்பிக்குள் போய்ச் சுற்றினால் பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும், இறக்கத்தில் அது உயிர் போகிற விஷயம். எல்லா நுனியையும் மடித்து ரப்பர் பேண்ட் போடுங்கள். பின்பிரேக் கேபிளைப் பை அழுத்துகிறதா என்றும் ஒருதரம் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள்.

சீட்டின் பின்பக்கம் பாரம் தொங்குவதால் சீட்டின் மூக்கு மெல்ல மேலே எழும். ஒரே போல்ட்டில் நிற்கும் சீட்டுகளில் இது அடிக்கடி நடக்கும். பை மாட்டும் முன்பே அந்த போல்ட்டை நன்றாக இறுக்கி, கிளாம்ப்புக்கும் கம்பிக்கும் சேர்த்து வெள்ளை மார்க்கரில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். நகர்ந்தால் கோடு உடைந்து காட்டும்.

5. பின்விளக்கு

சீட் போஸ்ட்டில் இருக்கும் சிவப்பு விளக்கைப் பை முழுக்க மறைத்துவிடும். வீட்டுக்குள் நின்று பார்த்தால் பக்கவாட்டில் வெளிச்சம் தெரிவதால் ஏமாந்துவிடுவோம். பையில் விளக்குச் செருக ஒரு காது தைத்திருப்பார்கள், அதில் மாட்டினால் விளக்கு தலை குனிந்து ரோட்டைத்தான் பார்க்கும், பின்னால் வருகிற லாரிக்குத் தெரியாது. கேரியரின் பின்முனையிலோ, பின்சக்கரக் குழாயிலோ மாட்டுங்கள். நம் ஊரில் வண்டிகள் வலப்பக்கமாகத்தான் முந்தும், அதனால் ஒரே விளக்கு என்றால் வலது குழாயில். இருட்டினதும் ஒருவரைச் சைக்கிளைப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஐம்பது அடி பின்னால் போய்த் திரும்பிப் பாருங்கள்.

பி.ஆர்.எம். என்று சொல்லும், குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்டதூர சைக்கிள் ஓட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இரவில் ஓட்ட வேண்டிய ஓட்டங்களில் கிளம்பும் முன்பே விளக்கைப் பார்ப்பார்கள், வெளிச்சம் பட்டால் மின்னும் மேல்சட்டையும் கட்டாயம்.

6. தண்ணீர் பாட்டில் வைத்துப் பரிசோதனை

தூரப் பயணத்துக்கு முன் இதைச் செய்யாமல் விடாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நீங்கள் கொண்டுபோகப் போவது 5 கிலோ என்றால் ஆறு பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வையுங்கள், ஒரு கிலோ கூடவே இருக்கட்டும். பையின் அடித்துணியில் சாக்பீஸ் தூளை அழுத்தித் தேய்த்துவிட்டு, வேகத்தடையும் குழியும் உள்ள தெருவாகப் பார்த்து 10 கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஒரு இடத்தில் எழுந்து நின்று மிதியுங்கள். வந்ததும் டயரிலோ மட்காட்டிலோ வெள்ளை ஒட்டியிருக்கிறதா பாருங்கள். ஒட்டியிருந்தால் எங்கேயோ தொடுகிறது. நான் இதைச் செய்திருந்தால் பரமக்குடியில் அந்த ஓட்டையைப் பார்த்திருக்க மாட்டேன்.

ஏறி இறங்கியும் பழகிக்கொள்ளுங்கள். பின்பக்கமாகக் காலைத் தூக்கிப் போடும் வழக்கம் இருந்தால் பை தடுக்கும். சைக்கிளை நம் பக்கமாக நன்றாகச் சாய்த்துக் காலைப் போட்டால் தாண்டிவிடலாம். சுடிதார், வேட்டி எதுவானாலும் துணியை முன்னாலேயே செருகிக்கொள்ளுங்கள். பக்க ஸ்டாண்டை நம்பாதீர்கள், பின்பாரத்தில் சைக்கிள் சாயும். டீக்கடைச் சுவர் போதும்.

7. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது என்றால்: பேப்பர், வரி, நாள்

கேரடைஸ், ஜப்பானின் நிட்டோ போன்றவற்றின் பொருள்களை ஆசைப்பட்டு வரவழைப்பவர்கள் இருக்கிறார்கள். தரத்துக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் இணையத்தில் பார்க்கும் விலை உங்கள் வீட்டுக்கு வரும் விலை இல்லை. சுங்கவரியை வெறும் பொருள் விலைக்குப் போட மாட்டார்கள், அனுப்பும் செலவையும் சேர்த்த தொகைக்குத்தான் போடுவார்கள். அதற்கு மேல் கொரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம் தனி. ஆர்டர் போடும் முன் கொரியரிடம் மொத்தம் எவ்வளவு வரும் என்று கேட்டுவிடுங்கள்.

பார்சல் இந்தியா வந்ததும் அடையாள ஆவணம் கேட்டு மெசேஜ் வரும். ஆதார், பான், பாஸ்போர்ட் இவற்றில் அவர்கள் கேட்பதை அனுப்ப வேண்டும். ஆர்டரில் போட்ட பெயரும் ஆவணத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். நான் வளையத்துக்கு ஆர்டர் போட்டபோது இனிஷியலை விட்டுவிட்டேன், விளக்கக் கடிதம் எழுதி அனுப்பி அது வெளியே வர ஆறு நாள் கூடுதல் ஆனது. பணம் கட்டிய ரசீதையும் பில்லையும் பி.டி.எஃப்.பாக வைத்துக்கொள்ளுங்கள், விலைக்கு ஆதாரம் கேட்டால் அதைத்தான் காட்ட வேண்டும். மெசேஜில் வரும் லிங்கைச் சொடுக்காமல், கொரியரின் சொந்தத் தளத்தில் பார்சல் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் ஆவணம் ஏற்றுங்கள், இந்தப் பெயரில் மோசடி மெசேஜ் நிறைய வருகிறது.

எனக்கு மொத்தம் நான்கு வாரம் ஆனது. உள்ளூரில் என்றால் கேரியர் அன்றைக்கே, வெல்டிங் அரை நாள், ஸ்கூல் பேக் தைக்கும் கடையில் பையைத் தைக்கக் கொடுத்தால் நான்கைந்து நாள். ஓட்டையை ஒட்டுப்போட்டு அடித்துணி முழுக்க ரெக்சின் வைத்துத் தைக்க என்னிடம் 180 ரூபாய் வாங்கினார்கள். பயணத் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் வேலையைத் தொடங்கினால் பரிசோதனைக்கும் நேரம் இருக்கும்.

8. கையில் இருக்க வேண்டிய பேப்பர்கள்

சைக்கிள் வாங்கிய பில்லின் நகல், ஃபிரேம் எண்ணின் படம், அடையாள அட்டை நகல். மூன்றையும் ஜிப் கவரில் போட்டுப் பையின் உள்பாக்கெட்டில் வையுங்கள். ஃபிரேம் எண் பெரும்பாலும் இரண்டு பெடலுக்கும் நடுவில், ஃபிரேமின் அடிப்பக்கத்தில் பொறித்திருக்கும், மேலே மண் அப்பியிருந்தால் துடைத்துவிட்டுப் படம் எடுங்கள்.

பி.ஆர்.எம். ஓட்டுபவர்கள் பிரெவே கார்டை, அதாவது கன்ட்ரோல் எனும் சோதனை இடங்களைக் கடந்ததைப் பதிவு செய்யும் அட்டையை, மட்டும் இந்தப் பையில் வைக்காதீர்கள். 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி என்று நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒவ்வொரு கன்ட்ரோலிலும் மூன்று பக்கிளைக் கழற்றிக் கார்டைத் தேடுவதில் ஐந்து ஐந்து நிமிடமாகப் போகும். கார்டு, அந்த இடத்துக்கு வந்ததற்குச் சான்றாக வழியில் வாங்கும் ஏ.டி.எம். சீட்டு, கடை பில் எல்லாம் ஜெர்சிப் பாக்கெட்டில் அல்லது ஹேண்டில்பார் பையில். வியர்வையில் நனையும், அதற்கும் ஜிப் கவர்தான்.

9. வழியில்

முதல் 20 கிலோமீட்டரில் ஒருதரம் நிறுத்தி எல்லா வாரையும் கையால் இழுத்துப் பாருங்கள், புதுத் தோல் வார் அதற்குள் இளகியிருக்கும். அப்புறம் 50 கிலோமீட்டருக்கு ஒருமுறை போதும். ஐப்பசி, கார்த்திகையில் போகிறீர்கள் என்றால் மட்காடு இல்லாமல் கிளம்பாதீர்கள். மேலிருந்து வரும் மழையைவிட டயர் வாரி அடிக்கும் சேற்றுத் தண்ணீர்தான் பையின் அடியை நனைக்கும். உள்ளே ஒரு பெரிய பாலித்தீன் கவர் போட்டு அதற்குள் சாமானை வையுங்கள். மெழுகு ஏற்றிய கேன்வாஸ் பையை மட்டும் சோப்புப் போட்டுத் துவைக்காதீர்கள், மெழுகு போனால் தண்ணீரும் உள்ளே வரும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் தொங்கவிட்டால் போதும்.

நான்கு கேபிள் டையும், பழைய டியூபில் விரல் அகலத்துக்கு வெட்டிய இரண்டு ரப்பர் பட்டையும், ஒரு அலன் கீயும் எப்போதும் இருக்கட்டும். அவற்றைப் பைக்குள் போடாதீர்கள். வார் அறுந்து பை ஒரு பக்கம் தொங்கும்போது மற்ற சாமான் எல்லாவற்றையும் ரோட்டோரத்தில் கொட்டித்தான் தேட வேண்டியிருக்கும். ரப்பரைச் சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாயில் சுற்றி, கேபிள் டையையும் அலன் கீயையும் அதற்குள்ளேயே செருகி வையுங்கள், கைநீட்டினால் எடுத்துவிடலாம்.